கொடைக்கானல் விடுதி அறையில் கணப்பு மூட்ட

1845-இல் அமெரிக்க மதுரை மிஷனார் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். பழைய பங்களா விடுதிகள் பலவற்றில் இன்றும் விறகுக் கணப்புதான்.

விருந்தினர் வர ஒரு மணி நேரம் முன்பே மூட்டுங்கள். புகைபோக்கியின் தகட்டைத் திறந்து, எரியும் காகிதத்தை உள்ளே உயர்த்திப் பிடியுங்கள். குழாய் குளிர்ந்திருந்தால் புகை அறைக்குள்தான் திரும்பும். பிறகு சிராய், சுள்ளி, மேலே மணிக்கட்டுப் பருமனில் 3 சீகை விறகு. விறகு 6 மாதமாவது கூரைக்கடியில் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகின் புகை குழாயில் கரிப்பிசினாய் ஒட்டும், பின்னால் அதுவே தீப்பிடிக்கும். சன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள்.

கணப்பில்லாத அறைக்குக் கரிச்சட்டி கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் சேரும். தூக்கத்திலேயே உயிர் போகும். இன்னொரு கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுங்கள்.