சங்கத்து கொப்பியும் சரி தப்பும்: சிக்கலான ஒரு விஷயத்த எப்படி யோசிக்கிறது

இலங்கை மலையகத்துல எங்க தேயிலத் தோட்டத்து மரணாதார சங்கத்துக்கு நான்தான் செயலாளர், அதாவது கொப்பி எழுதுறவன், பெரிய பதவியெல்லாம் கெடையாது. 62 வீடு, மாசம் 200 ரூபா சந்தா, ஒரு வீட்டுல சாவு விழுந்தா 30,000 ரூபா அன்னைக்கே கையில குடுத்துரணும். கொப்பியோட முதல் பக்கத்துல ஒரு சட்டம் எழுதியிருக்கு, மூணு மாசத்துக்கு மேல பாக்கி இருந்தா உதவி இல்ல. போன மழைக்காலத்துல பணிய லயத்து, அதாவது கீழ இருக்கிற வீட்டு வரிசையில உள்ள அக்கா ஒருத்தங்களோட வீட்டுக்காரர் தவறிட்டாரு, கொப்பிய தொறந்து பாத்தா நாலு மாச பாக்கி. ஆஸ்பத்திரியிலேருந்து பொட்டி இன்னும் வந்து சேரல, அதுக்குள்ள கோயில் மண்டபத்துல குடுக்கணும், குடுக்கக் கூடாதுனு ரெண்டு கட்சியாயிருச்சு.

அறவியல், அதாவது சரி எது தப்பு எதுனு யோசிக்கிற படிப்பு, படிக்கணும்னு ஆசப்படுற பிள்ளைங்க சில பேரு எங்கேருந்து தொடங்குறதுனு கேக்குறாங்க. அன்னைக்கு நடந்தத வச்சே சொல்றேன், தத்துவக்காரங்க பேரு நடுவுல வரும், பயந்துறாதீங்க.

முதல் வேல, கேள்விய ரெண்டா பிளக்குறது. என்ன நடந்துச்சுங்கிறது ஒண்ணு, என்ன செய்யணும்ங்கிறது வேற. மண்டபத்துல முக்கா மணி நேரம் கத்துனாங்க, கொஞ்சம் காது குடுத்து கேட்டா பாதி சண்ட நியாயத்த பத்தியே இல்ல, பாக்கி நாலு மாசமா ரெண்டு மாசமாங்கிறதுதான். தீவாளிக்கு முந்தி அக்காவோட மகன் பொருளாளர் வீட்டுல 400 ரூபா குடுத்துட்டு வந்தான்னு ஒரு மாமா சொல்றாரு, இல்லவே இல்லங்கிறாரு இன்னொருத்தரு. இதுக்கு எந்த தத்துவமும் தேவயில்ல, ஒரு போன் கோல் போதும். பொருளாளர் சம்சாரம் பிஸ்கட் டின்ன கொட்டி எண்ணிப் பாத்து இல்லனு சொன்னாங்க, சரி நாலு மாசம்தான். அடுத்தது, ஏன் பாக்கி வந்துச்சு? அவரு கிட்னி கிளினிக்குக்கு அலஞ்ச நாள்லயெல்லாம் அக்கா பாதி நாள் கொழுந்து பறிக்க மலைக்கு போகல, போன நாள்லயும் கிலோ கொறஞ்சு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்துச்சு. இதுவும் தகவல்தான், ஆனா இத கேட்டதும் மண்டபத்துல சத்தம் கொறஞ்சிருச்சு பாருங்க.

ஆனா தகவல் எவ்வளவு சேத்தாலும் அதுலேருந்து "செய்யணும்"ங்கிறது தானா குதிச்சு வராது. ஸ்கொட்லாந்துக்காரரு டேவிட் ஹியூம் 1740ல வந்த புத்தகத்துல இத புடிச்சாரு, ஆளுங்க "இப்படி இருக்கு, இப்படி இருக்கு"னு சொல்லிக்கிட்டே போயி திடீர்னு "இப்படி செய்யணும்"னு தாவிடுறாங்க, நடுவுல பாலத்த காணோம்னு. கொஸ்லாந்த மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி மண் சரிஞ்சு லயத்தோட மூடிட்டு போனப்ப, "முன்னமே எச்சரிக்க குடுத்தாங்கதானே, அவங்க எழும்பிப் போயிருக்கணும்"னு வெளிய இருந்தவங்க லேசா சொன்னாங்க. எச்சரிக்க குடுத்தது நெசம். ஆனா அதுலேருந்து "போயிருக்கணும்"க்கு வரணும்னா எங்க போறது, காணி யாரு குடுக்குறது, வேல என்னாகும்னு நாலஞ்சு படி இருக்கு, அந்தப் படியெல்லாம் முழுங்கிட்டுதான் பழிய செத்தவங்க தலையில வச்சாங்க. யாராவது "அதனால"னு சொல்றப்ப நிப்பாட்டி, நடுவுல எத முழுங்குனாங்கனு தேடுங்க. இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி கத முடிஞ்சிரும்.

அடுத்து, யாருக்கெல்லாம் வலிக்கும்னு ஒரு பட்டியல், அதுல மண்டபத்துல இல்லாத ஆளுங்களயும் போடணும். எங்க மேட்டு லயத்துல ஒரு பாட்டி இருக்காங்க, ஒத்த ஆளு, கொழும்புல வேல செய்ற பேத்தி அனுப்புற காசுல முதல்ல 200 ரூபாய எடுத்து வச்சிட்டுதான் சீனி வாங்குவாங்க. அன்னைக்கு கூட்டத்துக்கு அவங்க வரல. சட்டத்த தளத்துனா அந்த பாட்டிக்கு நாம என்ன பதில் சொல்றது? அழுதுக்கிட்டு கண்ணு முன்னாடி நிக்கிற ஆளு மேலதான் மனசு போகும், அது இயற்க, ஆனா ஒழுங்கா கட்டிட்டு வாய தொறக்காத ஆளும் கணக்குல உண்டு.

இப்பதான் நெசமான கேள்வி வருது. பொதுவா மூணு கண்ணாடி இருக்கு, மூணயும் மாத்தி மாத்தி போட்டுப் பாக்கணும், புடிச்ச பதில காட்டுற கண்ணாடிய மட்டும் போட்டா அது ஏமாத்து.

ஒண்ணு, விளைவு. பெந்தம், மில்னு ரெண்டு இங்கிலாந்துக்காரங்க கட்டுன வழி, எந்தக் காரியத்தால எல்லாருக்குமா சேத்து நன்ம கூட வருதோ அத செய்னு. அந்தக் கணக்குல 30,000த்த 62ஆல பிரிச்சா வீட்டுக்கு 500 ரூபா கூட வராது, அக்காவுக்கோ அது பொட்டிக் காசு. குடுத்துரு. ஆனா இதே கணக்க ரெண்டு வருசத்துக்கு நீட்டிப் பாருங்க, கட்டாட்டியும் குடுப்பாங்கனு தெரிஞ்சா பத்து வீடு நிப்பாட்டும், அப்புறம் சங்கமே இருக்காது. விளைவு பாக்குறவங்க அதிகமா சறுக்குறது இங்கதான், எவ்வளவு தூரத்துக்கு பாக்குறதுனு அவங்களே வசதிக்கு வெட்டிக்கிறாங்க.

ரெண்டாவது, விதி. இது ஜெர்மன்காரரு கான்ட், 1785ல எழுதுனது, நீ எந்த விதிப்படி நடக்குறியோ அது எல்லாருக்கும் விதியா இருக்கணும்னு உன்னால விரும்ப முடியுமானு கேளு. கட்டாம வாங்கிக்கிறேன்னு எல்லாரும் நெனச்சா சங்கம்ங்கிற சாமானே நிக்காது, அதனால தப்பு. ஆனா அக்கா அப்படியா நெனச்சாங்க? "நோயாளி வீட்டுல இருக்கிறப்ப பிந்திக் கட்டுறேன்"ங்கிறது அவங்க விதினா அத எல்லாருக்கும் விரும்பலாமே. விதிய எப்படி வார்த்தையில போடுறோமோ அதப் பொறுத்து பதிலே மாறுது, கான்ட்ட குத்தம் சொல்றவங்க ரொம்ப நாளா சொல்றது இதத்தான், எனக்கும் அது சரினு படுது. ஆனா அவரு சொன்ன இன்னொன்ன நான் விடமாட்டேன், மனுசன வெறும் கருவியா பாவிக்காதேனு. மண்டபத்துல ஒருத்தரு எழும்பி "இந்த ஒரு தடவ கண்டிப்பா இருந்து காட்டுனா மத்தவனுங்க ஒழுங்கா கட்டுவானுங்க"ன்னாரு, பாதிப்பேரு தலையாட்டுனாங்க. அக்காவோட சாவு வீட்ட அடுத்தவங்கள மெரட்டுற குச்சியாக்குறதுதானே அது.

இதே கான்ட் 1797ல, கொலகாரன் வந்து உன் சிநேகிதன் எங்கனு கேட்டா கூட பொய் சொல்லக் கூடாதுனு எழுதி வச்சாரு. நம்ம வள்ளுவர் 292ஆவது குறள்ல அதுக்கு நேரெதிரா நிக்கிறாரு, நன்ம தந்தா பொய்யும் வாய்மையோட எடத்துல வைக்கலாம்னு. அன்னைக்கு செத்தவரோட அம்மாகிட்ட, எம்பது தாண்டுனவங்க, "ஆஸ்பத்திரியிலதான் இருக்கான்"னு சொல்லியே சாயங்காலம் வரைக்கும் ஓட்டுனாங்க, கேட்டா எல்லாரும் குறள்தான் சொல்றாங்க. ஆனா அந்தக் குறள்ல "புரைதீர்ந்த"னு ஒரு சொல் இருக்கு, குத்தமே இல்லாத நன்மனு, அத வசதியா விட்டுடுவாங்க. அந்தப் பொய் அந்த அம்மாவுக்காகவா, இல்ல அவங்க அழுறத நம்மளால பாக்க ஏலாதுங்கிறதுக்காகவா? எனக்கென்னமோ ரெண்டாவதுதான்னு தோணுது, நானும் அந்த எடத்துல வாய மூடிக்கிட்டுதான் நின்னேன்.

மூணாவது, ஆளு. அரிஸ்டாட்டில் வழி, நல்ல குணமும் பக்குவமும் உள்ள ஒருத்தரு இந்த எடத்துல என்ன செய்வாரு. காத்துல பேசுற மாதிரி இருக்கும், ஆனா அவரு ஒரு உதாரணம் சொல்றாரு பாருங்க, லெஸ்போஸ் தீவுல கட்டட வேலக்காரங்க ஈயத்துல செஞ்ச அளவுகோல் வச்சிருந்தாங்களாம், கல்லு எப்படி வளஞ்சிருக்கோ அப்படி வளஞ்சு குடுக்கும். சட்டம் பொதுவா எழுதுறது, எழுதுனவன் எல்லா கல்லயும் பாத்திருக்க மாட்டான், அவனே இங்க இருந்தா என்ன எழுதியிருப்பானோ அப்படி திருத்திக்கணும்னு அவரு சொல்றாரு. மலைச்சரிவுல கல்லுக்கட்டு கட்டுறவங்களுக்கு இது உடனே புரியும், நேர்க்கோல மட்டும் வச்சுக்கிட்டு அங்க ஒரு கல்லும் உக்காராது. எங்க மூணு மாச சட்டம் எதுக்கு? வேணும்னே கட்டாம இருக்கிறவனுக்கு. நோயாளிய தூக்கிட்டு ஓடுன வீட்டுக்கு இல்ல.

அப்புறம் ஒரு சோதன இருக்கு, இது கொஞ்சம் கசக்கும். இதே மாதிரி கேசுக்கு போன தடவ என்ன செஞ்சோம்? ஒரே மாதிரி விஷயத்துக்கு வேற வேற தீர்ப்பு குடுத்தா, என்ன வித்தியாசம்னு காட்டணும், காட்ட முடியாட்டி எங்கயோ பொய் இருக்கு. நான் கொப்பிய பின்னாடி பொரட்டுனேன். மூணு வருசத்துக்கு முந்தி, நல்ல செல்வாக்கான வீடு, அஞ்சு மாச பாக்கி, முழு காசும் குடுத்திருக்கு, பக்கத்துல "விசேட காரணம்"னு எழுதியிருக்கு. காரணம் என்னனு இல்ல. எழுத்து என்னோடது. அத சத்தமா வாசிக்கிறப்ப என் காது சுட்டுச்சு, வாசிக்காம மூடி வச்சிரலாமானு ஒரு நிமிசம் நெனச்சேங்கிறதயும் சொல்லிர்றேன்.

எடத்த மாத்தி நிக்கிறதும் இதோட சேந்ததுதான். ஜோன் ரோல்ஸ்னு அமெரிக்காக்காரரு 1971ல சொன்னது, சட்டம் எழுதுறப்ப நீ பணக்காரனா ஏழையா, எந்த வீட்டுல பொறப்பனு தெரியாத மாதிரி ஒரு திரைக்குப் பின்னாடி நின்னு எழுதுனு. நமக்கு இத வெளக்க வேண்டியதே இல்ல. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்தப்ப இந்த மண்ணுலயே பொறந்தவங்ககிட்ட அப்பா இங்க பொறந்ததுக்கு, இல்லாட்டி அப்பப்பாவும் அவரோட அப்பாவும் பொறந்ததுக்கு அத்தாட்சி கேட்டாங்க, லயத்துல யாருகிட்ட அந்தக் கடதாசி இருந்துச்சு? பாராளுமன்றத்துல அதுக்கு கை தூக்குனவங்க, தங்க வீட்டுக்காரங்க யாரும் அந்த வரிசையில நிக்க மாட்டாங்கனு தெரிஞ்சுதான் தூக்குனாங்க. எங்க மண்டபத்துல நான் கேட்டது இவ்வளவுதான், அடுத்த கிட்னி யாரு வீட்டுலனு தெரியாது, இப்ப சொல்லுங்க சட்டம் எப்படி இருக்கணும்னு.

"எல்லாரும் செய்றதுதானே", "காலங்காலமா வர்ற வழக்கம்", "நீ மட்டும் யோக்கியமா" இந்த மூணும் வந்தா லேசா தள்ளிட்டு போங்க, ஒண்ணும் கேள்விக்கு பதில் இல்ல. ட்ரொலி கேள்வினு ஒண்ணு இருக்கு, ஓடுற வண்டிய வேற பாதைக்கு திருப்பி அஞ்சு பேர காப்பாத்த ஒருத்தர சாகடிக்கலாமானு, பிலிப்பா ஃபுட்ங்கிற தத்துவக்காரங்க 1967ல தொடங்கி வச்சது, மூளைக்கு நல்ல பயிற்சி, ஆனா நம்ம கையில வண்டிய திருப்புற லீவர் கெடைக்காது, கொப்பிதான் கெடைக்கும்.

முடிவு எடுத்தா அத காரணத்தோட எழுதி வைங்க, யாரு ஒத்துக்கலங்கிறதயும் சேத்து. நாங்க பாக்கி 800 ரூபாய கழிச்சு 29,200 குடுத்தோம், இனிமே ரெண்டு மாச பாக்கி ஆனவுடனே செயலாளர் வீட்டுக்கு நேர்ல போயி சொல்லணும், வீட்டுல நோயாளி இருந்தா ஆறு மாச தவணனு முதல் பக்கத்துல புதுசா எழுதுனோம். ஒரு தாத்தா மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. "சட்டத்த மாத்து, நாளையிலேருந்து மாத்து, நடந்து முடிஞ்சதுக்கு பின்னாடி மாத்துனா அதுக்குப் பேரு சட்டமா"ன்னாரு. அவருக்கு அன்னைக்கு பதில் சொல்ல எனக்கு தெரியல, இப்பவும் தெரியல, அவரு சொன்னத அப்படியே கொப்பியில எழுதி கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன்.

அடுத்த மாசம் பத்தாந்தேதி, சம்பளத்தன்னைக்கு, அக்கா வந்து 200 ரூபா குடுத்தாங்க. பில் எழுதிக் குடுத்தேன். போகாம நின்னுக்கிட்டே, "அந்த அஞ்சு மாச பாக்கிக்காரங்ககிட்ட கழிச்சீங்களா தம்பி"ன்னு கேட்டாங்க.

கழிக்கல.