தமனி மென்தசைச் செல்களில் ஆஞ்சியோடென்சின் சமிக்ஞையை அளப்பது எப்படி

உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, நீரிழிவால் வரும் சிறுநீரக நோய் ஆகிய மூன்றிலும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற எட்டு அமினோ அமில ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. தமனிச் சுவரின் மென்தசைச் செல்லில் அது ஏடி1 ஏற்பியைப் பற்றியதும் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஜிக்யூ புரதம் விழிக்கிறது, கால்சியம் ஏறுகிறது, புரோட்டீன் கைனேஸ்-சி இயங்குகிறது. கூடவே ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியும் தூண்டப்படுகிறது. இந்த வழிகள் பலவும் வந்து சேரும் இடங்களில் ஒன்று ஈஆர்கே என்ற நொதி, பாஸ்பேட் ஏறினால் அது இயங்கும். செல் பெருகுவதும் பருப்பதும் நார்ப்புரதம் சுரப்பதும் பெருமளவு இதைச் சார்ந்தவை. ஈஆர்கேயில் பாஸ்பேட் ஏறியதை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) பார்ப்பது எளிய சோதனை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த பாஸ்பேட் சில நிமிடங்களே நிற்கும். சோதனை கெடுவது பெரும்பாலும் ஜெல்லில் அல்ல, அதற்கு முன்னால் செல்லைக் கையாளும் விதத்தில்தான்.

செல்லும் பட்டினியும்

எலியின் பெருந்தமனியிலிருந்து எடுத்த மென்தசைச் செல்களைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். 3 முதல் 8 வரையிலான பாசேஜ்களுக்குள் (வளர்ந்த செல்களைப் புதுத் தட்டுக்குப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பாசேஜ்) வேலையை முடித்துவிடுங்கள். பாசேஜ் கூடக்கூட ஏடி1 ஏற்பி குறைந்துகொண்டே போகும். செல் நன்றாக வளரும், பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும், ஆனால் ஹார்மோனுக்குப் பதில் சொல்லாது.

ஆறு குழித் தட்டில் செல்கள் 80 முதல் 90 சதவீதம் நிறைந்ததும் மீடியத்தில் (செல்லை வளர்க்கும் திரவம்) சீரத்தை 0.1 சதவீதத்துக்குக் குறைத்து 24 மணி நேரம் பட்டினியாக விடுங்கள். சீரத்தில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் ஈஆர்கேயை எப்போதும் தூண்டியபடியே இருக்கும். அந்த இரைச்சல் அடங்கினால்தான் ஹார்மோனின் குரல் கேட்கும். 48 மணி நேரத்தைத் தாண்டினால் செல்கள் தட்டை விட்டுக் கழலத் தொடங்கும்.

தூண்டும் நாளில் மீடியத்தை மாற்றாதீர்கள். திரவம் செல்மேல் பாயும் உராய்வே ஈஆர்கேயைத் தூண்டப் போதும். குழியில் முன்கூட்டியே 1.8 மில்லிலிட்டர் மீடியம் இருக்கட்டும். 1 மைக்ரோமோலார் ஆஞ்சியோடென்சினை 37 டிகிரிக்குச் சூடேற்றிய அதே மீடியத்தில் கலந்து, 200 மைக்ரோலிட்டரைக் குழியின் ஓரமாக மெல்ல விட்டால் இறுதி அடர்த்தி 100 நானோமோலார் ஆகும். கன்ட்ரோல் குழிக்கும் ஹார்மோன் இல்லாத 200 மைக்ரோலிட்டரை இதே போல் விட வேண்டும். தொடாமல் விட்ட குழி கன்ட்ரோல் ஆகாது.

ஹார்மோன் தூளைப் பற்றி ஒரு வார்த்தை: மூலக்கூறு எடை 1046. 1 மில்லிகிராமை 956 மைக்ரோலிட்டர் நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார். அசிடேட் உப்பாக வந்திருந்தால் புட்டியில் குறித்துள்ள நிகரப் பெப்டைடு அளவைக் கொண்டு கணக்கிடுங்கள். சிறு சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

நேரம்

0, 2, 5, 10, 30, 60 நிமிடங்கள் என்று எடுங்கள். உச்சம் வழக்கமாக 5 நிமிடத்தை ஒட்டி வரும், பிறகு சரியும். 15 நிமிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு 'பதில் இல்லை' என்று எழுதிவிட வேண்டாம். 60 நிமிடக் குழியை முதலில் தூண்டுங்கள், 2 நிமிடக் குழியைக் கடைசியில். அப்போது எல்லாம் ஒரே நேரத்தில் முடியும், பட்டினியின் நீளமும் எல்லாக் குழிக்கும் ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் தனித்தனி 35 மில்லிமீட்டர் தட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே தட்டை இன்குபேட்டரிலிருந்து ஆறு முறை வெளியே எடுத்தால் குளிரும் ஆட்டமும் எல்லாக் குழிகளையும் பாதிக்கும்.

ஏற்பி வழியாகத்தான் சமிக்ஞை வந்தது என்று காட்ட ஏடி1 ஏற்பியை அடைக்கும் லோசார்ட்டனை 1 மைக்ரோமோலார் அளவில் 30 நிமிடம் முன்பே சேருங்கள். ஈஆர்கேயில் பாஸ்பேட்டை ஏற்றும் மெக் கைனேஸைத் தடுக்க யு0126 மருந்து, 10 மைக்ரோமோலார், அதே 30 நிமிடம். அது டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைவதால், எல்லாக் குழிகளிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவில், 0.1 சதவீதத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். பிஎம்ஏ 100 நானோமோலார், 10 நிமிடம் என்று ஒரு குழியையும் கட்டாயம் வையுங்கள். அது ஏற்பியைத் தாண்டி நேரே புரோட்டீன் கைனேஸ்-சியைத் தூண்டும். பிஎம்ஏவுக்குப் பட்டை வந்து ஆஞ்சியோடென்சினுக்கு வராவிட்டால் ஏற்பி போய்விட்டது, அல்லது ஹார்மோன் கெட்டுவிட்டது. இரண்டுக்குமே வராவிட்டால் கோளாறு லைசேட்டிலோ (செல்லை உடைத்தெடுத்த சாறு) பிளாட்டிலோ இருக்கிறது. இந்த ஒரு குழி பல வாரத் தேடலை மிச்சப்படுத்தும்.

நிறுத்துவது

மனித ஈஆர்கே1-இல் 202-ஆம் த்ரியோனின், 204-ஆம் டைரோசின் இரண்டிலும் பாஸ்பேட் இருந்தால்தான் நொதி முழுமையாக இயங்கும். ஆகவே பாஸ்பேட்டை நீக்கும் இரண்டு வகைப் பாஸ்பட்டேஸ் நொதிகளையும் தடுக்க வேண்டும். டைரோசினைக் காப்பது சோடியம் ஆர்த்தோவனடேட், த்ரியோனினைக் காப்பது சோடியம் ஃப்ளூரைடு. ஒன்றை மட்டும் போட்டால் பாதி வாசலைத்தான் அடைத்திருப்பீர்கள்.

வனடேட்டைத் தூளிலிருந்து அப்படியே கரைத்தால் வேலை செய்யாது. 200 மில்லிமோலார் கரைசலின் பிஎச்சை 10-க்குக் கொண்டுவாருங்கள், மஞ்சளாகும். நிறம் போகும் வரை கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி பிஎச் 10 ஆக்குங்கள். நிறமற்றே நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். மஞ்சள் நிறம் என்றால் அது டெக்காவனடேட், தடுக்கும் திறன் குறைந்தது. டிடிடியும் ஈடிடிஏவும் வனடேட்டை முடக்கும் என்பதால் செல்லை உடைக்கும் லைசிஸ் கரைசலில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

லைசிஸ் கரைசல் இது: டிரிஸ் 50 மில்லிமோலார் (பிஎச் 7.4), உப்பு 150 மில்லிமோலார், என்பி-40 1 சதவீதம், சோடியம் டிஆக்ஸிகோலேட் 0.5 சதவீதம், எஸ்டிஎஸ் 0.1 சதவீதம், வனடேட் 1 மில்லிமோலார், ஃப்ளூரைடு 10 மில்லிமோலார், ஈடிடிஏ இல்லாத புரோட்டியேஸ் தடுப்பான் கலவை. பிஎம்எஸ்எஃப் (இன்னொரு புரோட்டியேஸ் தடுப்பான்) சேர்ப்பதானால் செல்மேல் ஊற்றுவதற்குச் சற்று முன்புதான், நீரில் அது விரைவில் சிதைந்துவிடும்.

நேரம் முடிந்ததும் தட்டை ஐஸ்மேல் வைத்து, மீடியத்தை உறிஞ்சி, வனடேட் கலந்த குளிர்ந்த பிபிஎஸ்ஸால் ஒரே ஒரு முறை கழுவி, 100 மைக்ரோலிட்டர் கரைசலை ஊற்றுங்கள். இதற்கு முப்பது விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. தட்டு ஐஸில் தட்டையாகப் பதிய, பொடித்த ஐஸில் கொஞ்சம் நீர் ஊற்றுங்கள். கட்டி ஐஸ்மேல் வைத்தால் அடியில் காற்று நிற்கும், குழி குளிராது. சுரண்டி எடுத்து 15 நிமிடம் ஐஸில் வைத்து, 14,000 ஜியில் 4 டிகிரியில் 15 நிமிடம் சுழற்றி, மேல்நீரை எடுங்கள்.

அளவும் ஜெல்லும்

புரத அளவுக்கு பிசிஏ முறை. எஸ்டிஎஸ் இருப்பதால் பிராட்ஃபோர்டு ஒத்துவராது. எல்லா மாதிரிகளையும் லைசிஸ் கரைசல் விட்டு 1 மைக்ரோகிராம்/மைக்ரோலிட்டர் ஆக்குங்கள். மூன்று பங்கு மாதிரிக்கு ஒரு பங்கு நான்கு மடங்கு சாம்பிள் பஃபர் சேர்த்து, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, 20 மைக்ரோலிட்டர் ஏற்றினால் 15 மைக்ரோகிராம் புரதம் போகும்.

10 சதவீத ஜெல் போதும். ஈஆர்கே1 44 கிலோடால்டன், ஈஆர்கே2 42. இரண்டும் பிரிந்து தெரிய, 37 கிலோடால்டன் மார்க்கர் ஜெல்லின் அடியை நெருங்கும் வரை ஓடவிடுங்கள். பிவிடிஎஃப் சவ்வை மெத்தனாலில் நனைத்தபின் மாற்றி, புரதம் சவ்வுக்கு வந்துவிட்டதா என்று பான்சோ சாயம் பூசிப் பாருங்கள்.

பிளாக்கிங்குக்கு (சவ்வின் வெற்றிடத்தில் ஆன்டிபாடி ஒட்டாமல் மூடுவது) பாலைவிட 5 சதவீத பிஎஸ்ஏவையே பரிந்துரைக்கிறோம். பாலின் கேசீன் தானே பாஸ்பேட் ஏறிய புரதம். கழுவ பிபிஎஸ் வேண்டாம், 0.1 சதவீத ட்வீன் சேர்த்த டிபிஎஸ் போதும். பாஸ்போ ஆன்டிபாடி (பாஸ்பேட் ஏறிய ஈஆர்கேயைப் பற்றுவது) 1:1000, 4 டிகிரியில் இரவு முழுதும். எச்ஆர்பி நொதி ஒட்டிய இரண்டாம் ஆன்டிபாடியில் சோடியம் அசைடு கலக்கக் கூடாது, நொதியை அது கொன்றுவிடும்.

பாஸ்போ பட்டையை மொத்த ஈஆர்கேயோடு ஒப்பிட வேண்டும். ஆக்டின் அதற்கு மாற்றாகாது. ஒரே சவ்வில் முயல் ஆன்டிபாடியால் பாஸ்போவையும் சுண்டெலி ஆன்டிபாடியால் மொத்தத்தையும் இரு நிற ஒளிர்வில் பார்ப்பது மிகச் சிறந்த வழி. அந்தக் கருவி இல்லாவிட்டால் அதே லைசேட்டில் இரண்டாவது ஜெல் ஓட்டுங்கள். முதல் ஆன்டிபாடியைக் கழற்ற ஸ்ட்ரிப் செய்யும்போது சவ்விலிருந்து புரதமும் கழன்று போவதால் அதைக் கடைசி வழியாக வையுங்கள். பட்டை முழுக் கறுப்பானால் அளவு பொய்த்துவிடும். முதல் முறை 5, 10, 20, 40 மைக்ரோகிராம் ஏற்றி, எதுவரை ஒளி புரதத்தோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

0 நிமிடத்திலேயே தடித்த பட்டை வந்தால், பட்டினி போதவில்லை, அல்லது தட்டு குலுங்கியது. மறுமுறை ஆன்டிபாடியை மாற்றுவதற்கு முன் இந்த இரண்டையும் சரிபாருங்கள்.

மற்ற செல்களும் திசுக்களும்

சிறுநீரகத்தின் மெசாஞ்சியல் செல்களுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். பிறந்த எலிக்குட்டியின் இதயத்தசைச் செல்களில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். கூட வரும் ஃபைப்ரோபிளாஸ்டுகளில் (நார்ப்புரதம் சுரக்கும் செல்கள்) ஏடி1 ஏற்பி நிறைய உண்டு, நீங்கள் பார்க்கும் பட்டை அவற்றுடையதாகவே இருக்கலாம். செல்களை ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வெறும் தட்டில் வைத்தால் ஃபைப்ரோபிளாஸ்டுகள் முதலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததை வேறு தட்டுக்கு மாற்றி, தசைப் புரதமான ட்ரோபோனினுக்குச் சாயமிட்டு எத்தனை பங்கு தசைச் செல் என்று எண்ணுங்கள்.

திசுவானால் ரத்த ஓட்டம் நின்ற நிமிடத்திலிருந்தே பாஸ்பேட் மாறத் தொடங்கும். சிறுநீரகத்தை வெட்டியதும் புறணியையும் அகணியையும் விரைந்து பிரித்துத் திரவ நைட்ரஜனில் போடுங்கள். எல்லா விலங்குகளுக்கும் வெட்டியதிலிருந்து உறைவது வரையான விநாடிகளைக் குறித்து வையுங்கள்.

முடிவை எழுதும்போது ஒரே செல் தொகுப்பின் மூன்று குழிகளை மூன்று சோதனைகள் என்று எண்ணக் கூடாது. வேறு வேறு எலியிலிருந்து பிரித்து, வேறு வேறு நாளில் செய்ததே தனிச் சோதனை. குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து தனிச் சோதனைகள் செய்து, ஒவ்வொன்றின் மதிப்பையும் வரைபடத்தில் தனிப்புள்ளியாக இடுங்கள்.