மாண்டமஸ் போடும் முன்: ஜூனியர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன வாரம் என்னிடம் வேலை பழகும் ஒரு ஜூனியர் வக்கீல், "சார், மாண்டமஸ் ரெடி, கோர்ட்டில் நம்பர் ஆக வேண்டியதுதான் பாக்கி" என்று வழக்குக் கட்டை நீட்டினார். கடமையைச் செய்யாத அதிகாரியை அதைச் செய்யச் சொல்லி ஆணையிடுமாறு நீதிமன்றத்தைக் கேட்கும் ரிட் மனு அது. புரட்டினேன். பல வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்து. எழுத்துப்பிழை, கோர்ட் ஃபீ குறைவு போன்றவற்றை ரெஜிஸ்ட்ரியே (நீதிமன்றப் பதிவகம்) பிடித்துத் திருப்பிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரிட் வேறு, ரிட் மனு வேறு

நாம் தாக்கல் செய்வது மனு. ரிட் என்பது நீதிமன்றம் பிறப்பிப்பது. 'எழுதப்பட்டது' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் அது. மன்னர் முத்திரையிட்டு அனுப்பிய குறுங்கடிதம். தமிழில் நீதிப்பேராணை.

கேட்காததை மறுத்ததாகச் சொல்வது

கட்டளையுறுத்தும் நீதிப்பேராணைதான் மாண்டமஸ். லத்தீனில் அது பெயர்ச்சொல்லே அல்ல, வினைமுற்று: 'ஆணையிடுகிறோம்'. நாடகத்து ராஜா 'நாம்' போட்டுப் பேசுவாரே, அதே தன்மைப் பன்மை. இங்கிலாந்தில் 2004இல் அந்தப் பெயரையே மாற்றிவிட்டார்கள். நம் அரசியலமைப்பில் லத்தீன் அப்படியே இருக்கிறது. சரி, செய்ய வேண்டிய கடமையை அதிகாரி செய்ய மறுத்தால்தானே இந்த ஆணைக்கு வேலை? அவரிடம் கேட்கவே இல்லையென்றால்?

என் முதல் மாண்டமஸ் ஒரு பட்டா பெயர் மாற்றம். "ஆபீஸுக்கு இருபது தடவை நடந்துட்டேன் தம்பி" என்றார் என் கட்சிக்காரரான பெரியவர், அதாவது வழக்கை என்னிடம் கொண்டுவந்தவர். அதை அப்படியே பிரமாணப் பத்திரத்தில் எழுதினேன். அட்மிஷனில், அதாவது மனுவை ஏற்பதா என்று பார்க்கும் முதல் விசாரணையில், நீதிபதி டைப்செட்டை (மனுவோடு சேர்த்த ஆவணத் தொகுப்பு) புரட்டி, "ரெப்ரசன்டேஷன் எந்தப் பக்கம்?" என்றார். அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்த கோரிக்கை மனுவைத்தான் கேட்டார். எந்தப் பக்கத்திலும் இல்லை. பெரியவர் வாயால் கேட்டிருந்தார், தாளில் கேட்கவில்லை. வழக்கை வாபஸ் வாங்கி, அதிகாரியிடம் மனு கொடுத்து, காத்திருந்து, மறுபடி தாக்கல் செய்வதற்குள் ஏழு மாதம். இரண்டாவது வழக்குச் செலவை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கட்டு வந்தால் முதலில் தேடுவது தேதியிட்ட மனுவையும், அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டையையும்தான். அப்புறம், நியாயமான அவகாசம் கழிந்ததா என்று பார்ப்பேன். காலையில் மனுவை அனுப்பிவிட்டு மாலையில் ரிட் டைப் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எரிச்சலாக வரும். நம் ஜூனியர் இன்னும் ஒரு படி மேல்: மந்திரி முதல் கலெக்டர் வரை எல்லோருக்கும் மனு போயிருந்தது, முடிவெடுக்க வேண்டிய தாசில்தாரைத் தவிர.

'பரிசீலிக்க' என்றால் 'கொடு' என்று நினைப்பது

மனுவைப் பரிசீலிக்கும்படி நீதிமன்றம் அதிகாரிக்கு உத்தரவிட்டால், கேட்டதைக் கொடுக்கச் சொன்னதாக அர்த்தமா? இல்லை. அவர் பரிசீலித்து நிராகரிக்கவும் செய்யலாம். கட்சிக்காரரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மேல் மாண்டமஸ்

நிற்காது. எதிரில் இருப்பவருக்குப் பொதுக்கடமை இருக்க வேண்டும்.

32ஆ, 226ஆ

அரசியலமைப்பின் பிரிவு 32இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போவது அடிப்படை உரிமைகளுக்கு மட்டும். உயர் நீதிமன்றத்துக்கான 226 அதையும் தாண்டிப் போகும். பட்டாவுக்காக டெல்லிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.