கற்பனை நிறுவனங்களும் பொருள்களும்: கலைக்களஞ்சியக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைப்படத்திலோ நாவலிலோ கணினி விளையாட்டிலோ மட்டும் இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு, அல்லது அங்கே மட்டும் விற்கப்படும் ஒரு பொருளுக்கு, இணையக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை தேவையா என்ற கேள்வி எழும்போதெல்லாம், பயனர்கள் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் இரண்டு அணிகள் உருவாகிவிடுகின்றன. இல்லாத ஒன்றுக்கு எதற்குக் கட்டுரை என்கிறது ஓர் அணி. இவ்வளவு புகழ்பெற்ற படைப்பில் வருவதை எப்படி விட்டுவிடுவது என்கிறது மற்றோர் அணி. இரண்டு வாதங்களும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதே இல்லை. அந்தப் படைப்போடு தொடர்பில்லாதவர்களும் அதனால் ஆதாயம் பெறாதவர்களுமான எழுத்தாளர்கள், அந்த நிறுவனத்தை அல்லது பொருளை மையமாக வைத்து, நம்பத்தகுந்த வெளியீடுகளில் விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். விக்கிப்பீடியர்கள் ‘குறிப்பிடத்தக்கமை’ என்று சொல்லும் அளவுகோலின் சாரம் இதுதான். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைத் தவிர்ப்பதால் வருபவை.

‘உண்மையில் இல்லை’ என்பதைக் காரணமாக்குதல்

உலகில் இல்லாதவற்றைப் பற்றி எழுதக் கூடாது என்றால் புராணப் பாத்திரங்களையும் காப்பிய நகரங்களையும் கலைக்களஞ்சியத்திலிருந்து நீக்க வேண்டியிருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. கற்பனைப் பொருளுக்கும் நிஜ உலகில் ஒரு வரலாறு இருக்க முடியும். ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் வரும் டஃப் என்ற பீரின் பெயரை ஆஸ்திரேலிய மதுபான நிறுவனங்கள் தங்கள் பீருக்கு வைத்தபோது, தொடரின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1996-இல் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் உரிமையாளர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. ‘ஸ்பான்ச்பாப்’ தொடரில் வரும் கிரஸ்டி கிராப் உணவகத்தின் பெயரில் அமெரிக்காவில் ஒருவர் உண்மையான உணவகம் திறக்க முயன்றார். 2018-இல் அந்நாட்டின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஐந்தாம் வட்ட நீதிமன்றம், ஒரு கதைக்குள் வரும் உணவகத்தின் பெயருக்கும் வணிகக்குறிப் பாதுகாப்பு உண்டு என்று கூறியது. 1989-இல் வெளியான ‘பேக் டு தி ஃபியூச்சர்’ இரண்டாம் பாகத்தில் நாயகன் அணிந்த காலணியை நைக்கி நிறுவனம் 2011-இல் 1,500 இணைகள் தயாரித்து, பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக ஏலத்தில் விட்டது. இத்தகைய பொருளைப் பற்றி எழுதுபவரிடம் தேதி, தீர்ப்பு, எண்ணிக்கை, அவற்றைப் பதிவுசெய்த சட்ட ஆய்வுகள், செய்திகள் எல்லாம் இருக்கின்றன. கற்பனை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, கட்டுரையை நீக்கக் கோரும் அறிவிப்பை வைப்பவர் இவற்றைத் தேடிப் பார்க்காமலேயே முடிவெடுக்கிறார்.

படைப்பின் புகழைக் கடன் வாங்குதல்

எதிர்த் திசையில் நடக்கும் தவறுதான் எண்ணிக்கையில் மிக அதிகம். நல்ல நோக்கத்தோடு வரும் புதிய பயனர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான விமர்சனங்கள் வந்திருக்கலாம். அவற்றில் பலவற்றில் வில்லனின் நிறுவனத்தின் பெயரும் இடம்பெற்றிருக்கலாம். ஆனால் அந்த விமர்சனங்கள் படத்தைப் பற்றியவை. ‘பேராசை பிடித்த ஒரு பெருநிறுவனத்தில் வேலை பார்க்கும் நாயகன்’ என்ற ஒரு தொடரில் நிறுவனம் தொட்டுக் காட்டப்படுகிறதே தவிர, அது ஆராயப்படவில்லை. படைப்பின் குறிப்பிடத்தக்கமை அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கடைக்கும் கருவிக்கும் தானாக இறங்கி வராது. பார்வையாளர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்த ஒரு பெயராக இருந்தாலும் இது பொருந்தும். ரசிகர்களின் நினைவை மதிக்கலாம், ஆனால் அதை மேற்கோளாகச் சுட்ட வழியில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எழுதிய கட்டுரையிலிருந்து கதையைத் திரும்பச் சொல்லும் வாக்கியங்கள் அனைத்தையும் தற்காலிகமாக எடுத்துவிட்டு, எஞ்சியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனத்தின் பெயரும் சின்னமும் எப்படி உருவாயின, விமர்சகர்களும் ஆய்வாளர்களும் அதை எப்படி வாசித்தார்கள், பிற படைப்புகளும் வணிகமும் சட்டமும் அதை எப்படி எதிர்கொண்டன என்பவற்றில் சில பத்திகளாவது மிஞ்சினால், தனிக் கட்டுரைக்கு வலுவான வாதம் இருக்கிறது. ஒரு தகவற்பெட்டியும் (கட்டுரையின் ஓரத்தில் முக்கிய விவரங்களைத் தொகுத்துக் காட்டும் கட்டம்) முதல் வாக்கியமும் மட்டுமே மிஞ்சினால், அது படத்தின் கட்டுரைக்குள் ஒரு பத்தியாக இருக்க வேண்டியது. கதைச்சுருக்கம் மட்டுமே கொண்ட கட்டுரைகளை ஆங்கில விக்கிப்பீடியாவின் கொள்கை வெளிப்படையாகவே ஏற்பதில்லை. இதைக் கடுமை என்று சிலர் வருந்துவதுண்டு. கதையை அறிய வாசகர் படைப்பிடமே போகலாம் என்பதால், அதைச் சுற்றி நடந்ததைச் சொல்வதே கலைக்களஞ்சியத்தின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

சான்றுகளை எடைபோடாமல் எண்ணுதல்

ஒரு கட்டுரையை நீக்கலாமா என்று பயனர்கள் விவாதிக்கும் நீக்கல் உரையாடலில் ஒருவர் இருபது இணைப்புகளைக் கொண்டுவந்து கொட்டுவதும், அவற்றைத் திறந்து பார்க்காமலேயே மற்றவர்கள் ‘போதுமான சான்றுகள் உள்ளன’ என்று வாக்களிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒவ்வோர் இணைப்பிலும் தனித்தனியாக மூன்றைப் பார்க்க வேண்டும்: அது நம்பத்தகுந்ததா, படைப்பாளிகளிடமிருந்து விலகி நிற்கிறதா, பொருளைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் சொல்கிறதா. இவற்றில் முதலிரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வரும் சிக்கல்களே அதிகம். படத் தயாரிப்பு நிறுவனம் வெளியிட்ட ‘உருவான கதை’ நூல், யார் எந்தச் சின்னத்தை வரைந்தார் என்பதற்கு மிகவும் நம்பத்தகுந்த மூலமாக இருக்கும். ஆனாலும் தம் படைப்பைப் பற்றித் தாமே எழுதிய நூல் என்பதால், வெளி உலகம் அந்தப் பொருளைக் கவனித்தது என்பதை அது நிறுவாது. தகவலுக்கு அதைப் பயன்படுத்தலாம், தகுதிக்குப் பயன்படுத்தக் கூடாது. இயக்குநரின் நேர்காணலுக்கும் இதே நிலைதான்.

விளம்பரத் தளங்கள் இதைவிட ஏமாற்றக்கூடியவை. 2012-இல் ‘பிரோமித்தியஸ்’ படத்துக்கு முன்னோட்டமாக, வெய்லண்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற கற்பனை நிறுவனத்துக்கு உண்மையான நிறுவனத் தளத்தைப் போலவே ஓர் இணையதளம் உருவாக்கப்பட்டது. அதன் தலைவர் 2023-ஆம் ஆண்டில் மேடையில் உரையாற்றுவதாக ஒரு காணொளியும் வந்தது. அந்தத் தளத்தில் இருப்பவை அனைத்தும் கதையின் நீட்சியே. ஆனால் அந்த விளம்பர உத்தியைப் பற்றி ஒரு நாளிதழ் எழுதிய அலசல் கட்டுரை முற்றிலும் வேறு வகையான சான்று.

‘மறக்க முடியாத பத்துக் கற்பனை நிறுவனங்கள்’ போன்ற பட்டியல்களும் பெரும்பாலும் உதவுவதில்லை. ஃபோர்ப்ஸ் இதழ் 2007-இல் மிகப்பெரிய கற்பனை நிறுவனங்கள் இருபத்தைந்தை வரிசைப்படுத்தி, அவற்றுக்கு விற்பனை மதிப்பும் கணக்கிட்டு வெளியிட்டது. அது பெயர்பெற்ற இதழ், சுவையான முயற்சியும்கூட. எனினும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கிடைத்தது ஒரு சிறு குறிப்புதான். வேறு வலுவான சான்றுகள் இருக்கும்போது துணைச் சான்றாக அதைச் சேர்க்கலாம். அதை மட்டும் தாங்கி ஒரு கட்டுரை நிற்காது.

ஒரு படைப்பின் ரசிகர்கள் கூடி எழுதும் ரசிகர் விக்கிகளை மேற்கோள் காட்டவே கூடாது. 2003-இல் தொடங்கிய மெமரி ஆல்ஃபா, ‘ஸ்டார் டிரெக்’ உலகத்தைப் பற்றி வியக்கத்தக்க நுணுக்கத்தோடு எழுதப்பட்ட தளம். அதன் உழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் யாரும் திருத்தக்கூடிய தளம் இன்னொரு திருத்தக்கூடிய தளத்துக்குச் சான்றானால், தவறான ஒரு வரி இரண்டுக்கும் இடையே சுற்றிச் சுற்றி உண்மையின் தோற்றம் பெற்றுவிடும்.

கதைக்குள் நின்று எழுதுதல்

தகுதியுள்ள பொருளைக்கூடக் கெடுத்துவிடுவது இந்தத் தவறு. ‘2087-இல் நிறுவப்பட்ட இந்நிறுவனம் செவ்வாய்க் கோளில் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டுள்ளது’ என்று கட்டுரை தொடங்கினால், படைப்பை அறியாத வாசகர் எதைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதே அவருக்குப் புரியாது. இது கற்பனை என்பதும், எந்தப் படைப்பில், எந்த ஆண்டில், யாரால் உருவாக்கப்பட்டது என்பதும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். அதன்பின் கதை நிகழ்வுகளைச் சொல்லும்போது ‘முதல் படத்தில் இந்நிறுவனம் இவ்வாறு காட்டப்படுகிறது’ என்று படைப்பின் வழியாகவே சொல்ல வேண்டும். தொடர் பாகங்கள் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களில் இது இன்னும் அவசியமாகிறது. முரண்களை ஒட்டுப்போட்டுச் சீரான ஒரு ‘நிறுவன வரலாறு’ எழுதுபவர், தம்மை அறியாமலேயே புதிய கதை ஒன்றைப் படைத்து விடுகிறார்.

‘ஏலியன்’ படங்களில் வரும் வெய்லண்ட்-யுடானி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விண்கலங்களையும் குடியேற்றங்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் 1979-இல் வந்த முதல் படத்துக்காக அந்தப் பெயரை உருவாக்கியவர் வடிவமைப்பாளர் ரான் காப் என்பதும், பிரிட்டிஷ் லேலண்ட், டொயோட்டா என்ற உண்மையான இரு நிறுவனங்களின் பெயர்களை நினைவூட்டும்படி அதை அமைத்தார் என்பதும், ஆங்கில-ஜப்பானியக் கூட்டு ஒன்று விண்வெளியை ஆளும் எதிர்காலத்தை அது குறித்தது என்பதும் அந்தக் காலத்தின் பொருளாதார எண்ணங்களைப் பற்றி வாசகருக்கு எவ்வளவோ சொல்கின்றன. கட்டுரையின் பெரும்பகுதி இத்தகைய செய்திகளால் நிரம்ப வேண்டும்.

உண்மையான நிறுவனங்களுக்கான தகவற்பெட்டியைக் கற்பனை நிறுவனத்துக்குப் போடுவதும் இந்தத் தவறின் ஒரு வடிவம்தான். நிறுவிய ஆண்டு, தலைமையகம், ஊழியர் எண்ணிக்கை என்ற கட்டங்களை நிரப்பும்போது பார்ப்பதற்கு ஒழுங்காகத் தெரியும். ஆனால் கலைக்களஞ்சியத்தின் தரவுகளை இன்று தேடுபொறிகளும் மென்பொருள்களும் நேரடியாக எடுத்துக்கொள்கின்றன, அவற்றுக்குக் கதையின் சூழல் தெரியாது. கற்பனை நிறுவனங்களுக்கென்று உள்ள வார்ப்புருவையும் (தகவற்பெட்டியின் ஆயத்த அச்சு) பகுப்பையுமே (கட்டுரைகளை வகைப்படுத்தும் தலைப்பு) பயன்படுத்த வேண்டும். சின்னத்தின் படத்தைப் பதிவேற்றும்போது அதற்குப் பதிப்புரிமை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. நிறுவனம் கற்பனை என்பதால் அதன் சின்னம் பொதுச் சொத்தாகிவிடாது.

பொருந்தாத விதியைப் பொருத்துதல்

உண்மையான நிறுவனங்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு விக்கிப்பீடியாவில் கூடுதல் கண்டிப்பு உண்டு. காசு வாங்கிக்கொண்டு எழுதப்படும் விளம்பரங்களைத் தடுப்பதே அதன் நோக்கம். அதே விதியைக் கற்பனை நிறுவனத்தின் மீது சுமத்துவது பொருத்தமற்றது. புனைவுக்கென்று தனி அளவுகோல் வகுக்க ஆங்கில விக்கிப்பீடியாவில் நடந்த முயற்சிகள் ஒருமித்த கருத்தை எட்டவில்லை. எனவே பொதுவான குறிப்பிடத்தக்கமை அளவுகோலே இங்கே பொருந்தும்.

பெயர் ஒற்றுமையில் வழுக்குதல்

கதையில் வரும் பெயரையே கொண்ட உண்மையான நிறுவனங்கள் பல உள்ளன. 1994-இல் வெளியான ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தின் இறால் நிறுவனப் பெயரில் 1996-இல் கலிபோர்னியாவின் மான்டரேயில் ஓர் உணவகம் திறக்கப்பட்டு, பின்னர் அது பல கிளைகளாகப் பெருகியது. ‘டெர்மினேட்டர்’ படத்தில் வரும் சைபர்டைன் என்ற பெயர், 2004-இல் ஜப்பானில் தொடங்கப்பட்டு, நடக்க இயலாதவர்களுக்கு உதவும் இயந்திர உடையைத் தயாரிக்கும் ஓர் உண்மையான நிறுவனத்துக்கும் இருக்கிறது. இந்த உணவகத்தின் வரவு செலவு பற்றியோ அந்த உடையின் மருத்துவப் பயன் பற்றியோ வரும் செய்திகளை, கற்பனை நிறுவனத்துக்கான சான்றுகளாக அடுக்குவது அடிக்கடி நிகழ்கிறது. தேடுபொறி காட்டும் முடிவுகளின் எண்ணிக்கையை வாதமாக வைப்பவர்கள் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள். கேலிச்சித்திரப் படங்களில் பலவகைப் பொருள்களை விற்கும் நிறுவனமாக வரும் ஆக்மி போன்ற பெயரில் நிலைமை இன்னும் சிக்கலானது. அந்தப் படங்கள் அதை எடுத்தாளும் முன்பே உண்மையான வணிகர்கள் பலர் அந்தப் பெயரைப் பயன்படுத்தி வந்தார்கள்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, புனைவையும் புரட்டையும் ஒன்றாக நினைப்பது. ஒரு படைப்பில் வரும் கற்பனை நிறுவனத்தைப் பற்றிய நேர்மையான கட்டுரை வேறு. இல்லாத நிறுவனத்தை இருப்பதாகக் காட்ட எழுதப்பட்ட பக்கம் வேறு. முன்னதைச் சான்றுகளின் அடிப்படையில் நிதானமாக விவாதிக்க வேண்டும், பின்னதை உடனே நீக்க வேண்டும். கதைக்குள் நின்று எழுதப்பட்ட கட்டுரையைப் புரட்டு என்று தவறாக நினைத்து விரைவு நீக்கலுக்கு அனுப்பிவிடும் நிர்வாகிகளும் உண்டு. அதைத் தடுக்கவும் முதல் வாக்கியத்தின் தெளிவு உதவும்.

இருப்பதா நீக்குவதா என்று மட்டும் பார்த்தல்

தனிக் கட்டுரைக்குத் தகுதி இல்லை என்று முடிவானால் எழுதியதெல்லாம் வீண் என்று நினைத்துப் பங்களிப்பையே விட்டு விலகியவர்கள் இருக்கிறார்கள். அந்த இழப்பு தேவையற்றது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு காலத்தில் போக்கிமான் உயிரினங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் இருந்தது. பின்னர் அவற்றில் பெரும்பாலானவை பட்டியல்களாகத் தொகுக்கப்பட்டன. பிக்காச்சு போல வெளி உலகின் விரிவான கவனத்தைப் பெற்றவை தனிக் கட்டுரைகளாகத் தொடர்ந்தன. ஒரு தொடரில் வரும் நிறுவனங்கள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் கட்டுரை எழுதலாம். படத்தின் கட்டுரையில் ஒரு பகுதி சேர்க்கலாம். நிறுவனத்தின் பெயரைத் தேடுபவர் நேராக அந்தப் பகுதிக்கு வந்து சேரும்படி வழிமாற்று அமைக்கலாம். உள்ளடக்கத்தை அழிக்காமல் இப்படி வழிமாற்றாக ஆக்கினால் பழைய திருத்த வரலாறு அப்படியே இருக்கும். சில ஆண்டுகளுக்குப் பின் அந்த நிறுவனத்தைப் பற்றி ஆய்வு நூலோ நீதிமன்றத் தீர்ப்போ வரும்போது, முன்பு எழுதப்பட்டதை மீட்டு, புதிய சான்றுகளைச் சேர்த்து, அதே பக்கத்தை மீண்டும் கட்டுரையாக விரித்துக்கொள்ளலாம்.