புழுக்கத்துல ரேஸ் ஓடுறீங்களா? தண்ணியை விட முதல்ல கவனிக்க வேண்டியது வேகம்

வெயில் காலத்துல ரேஸுக்கு பேர் குடுத்திருக்கேன்னு சொன்னாலே எல்லாரும் சொல்றது "தண்ணி நிறைய குடி" தான். அது தப்புன்னு சொல்லல, ஆனா அதை மட்டும் நம்பிப் போறவங்க தான் பாதி வழியில ஓரமா உக்காந்துடுறாங்க. ஏன்னா உங்களைச் சூடாக்குறது வெயில் மட்டும் இல்ல, உங்க காலும் தான். ஓடும்போது தசை செலவு பண்ற எனர்ஜில சுமார் முக்கால் பங்கு வெறும் சூடா தான் வெளிய வருது. வேகம் ஏற ஏற அந்தச் சூடும் ஏறும், அதைத் தண்ணி குடிச்சு மட்டும் சமாளிக்க முடியாது.

அதனால எல்லாத்தையும் விட பெரிய தப்பு, குளிர் காலத்துல ஓடின அதே பேஸை (ஒரு கிலோமீட்டருக்கு ஆகுற நேரம்) இங்கயும் எதிர்பாக்குறது. உடம்பு சூடாக ஆரம்பிச்சதும் ரத்தம் தோல் பக்கம் போயாகணும், சூட்டை வெளிய தள்ள. அதே ரத்தம் காலுக்கும் வேணும். ரெண்டு பக்கமும் இழுக்குறதால பேஸ் மாறாமலே ஹார்ட் ரேட் மட்டும் மெல்ல ஏறிட்டே இருக்கும். வாட்ச்ல கிலோமீட்டர் டைம் அழகா தான் இருக்கும், உள்ள நிலைமை வேற. "முதல் பாதியில கொஞ்சம் டைம் சேத்து வச்சுக்கலாம்"னு கிளம்புறவங்க தான் இதுல நல்லா மாட்டுவாங்க, அப்போ சேத்த ரெண்டு நிமிஷத்துக்கு கடைசி 5 கிலோமீட்டர்ல வட்டியோட கட்டணும். 2019 உலக சாம்பியன்ஷிப்ல பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து தோஹாவுல நடுராத்திரில விட்டாங்க, அப்பவும் 30 டிகிரிக்கு மேல, ஹியூமிடிட்டி 70 சதவீதத்துக்கு மேல. ஓட ஆரம்பிச்சவங்க 68 பேர், அதுல 28 பேர் முடிக்கல. ஜெயிச்ச ரூத் செப்ங்கெடிச்சோட டைமே 2 மணி 32 நிமிஷம் சொச்சம். அவங்க லெவலுக்கு அது ரொம்ப ஸ்லோ. அவங்களே வேகத்தைக் குறைச்சு ஓடும்போது நம்ம மட்டும் பெஸ்ட் டைம் எடுக்கணும்னு அடம் பிடிக்கிறதுல அர்த்தமே இல்ல. முதல் மூணுல ஒரு பங்கு தூரம் "என்னடா இவ்ளோ மெதுவா போறோம்"னு எரிச்சல் வர்ற அளவுக்கு ஓடுங்க.

அடுத்தது, வேர்வையைப் பாத்து ஏமாறுறது. சொட்டச் சொட்ட வேர்க்குது, அப்போ உடம்பு நல்லா கூல் ஆகுதுன்னு நினைச்சுப்பாங்க. உண்மையில வேர்வை தோல்ல இருந்து ஆவியா போனா தான் சூடு குறையும். ஒரு லிட்டர் முழுசா ஆவியானா 580 கிலோகலோரி அளவுக்கு சூட்டை எடுத்துட்டுப் போகும், அதே ஒரு லிட்டர் தரையில சொட்டினா தண்ணியும் உப்பும் போனது தான் மிச்சம். புழுக்கத்துல காத்துலயே ஈரம் நிறைஞ்சிருக்கு, அப்புறம் வேர்வை எங்க போகும்? ஆப்ல பாக்கும்போது ஹியூமிடிட்டி சதவீதத்தை விட ட்யூ பாயின்ட்டை (காத்துல இருக்குற ஈரம் பனியா மாற ஆரம்பிக்கிற டெம்பரேச்சர், இது கூடக் கூட காத்துல ஈரம் அதிகம்) பாருங்க, ஏன்னா விடிகாலைல சதவீதம் எப்பவுமே அதிகமா தான் காட்டும். ட்யூ பாயின்ட் 20 டிகிரியைத் தாண்டினாலே கஷ்டம், 24-25ன்னா டைம் கணக்கையே மறந்துடுங்க.

சரி, தண்ணிக்கு வருவோம். குடிக்காம ஓடுறது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், அளவுக்கு மீறி குடிச்சாலும் ஆபத்துன்னு நிறைய பேருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தான் முடிச்சவங்கள்ல 488 பேரோட ரத்தத்தை டெஸ்ட் பண்ணினப்போ 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது உப்புச் சத்து, நீர்த்துக் குறைஞ்சிருந்துச்சு, அதுல ஓடி முடிச்சும் எடை கூடினவங்களுக்கு தான் ரிஸ்க் அதிகம். ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் குடிச்சா இது வராதுன்னு நினைக்காதீங்க, அதுல இருக்குற சோடியம் ரத்தத்துல இருக்குறதை விட ரொம்பக் கம்மி. ப்ராக்டீஸ்ல ஓடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா சுமாரா ஒரு லிட்டர் போயிருக்கு, அது தான் உங்க கணக்கு. ரேஸ்ல தாகத்துக்கு ஏத்த மாதிரி குடிச்சா போதும், எடை கூடுற அளவுக்கு மட்டும் வேண்டாம். தலைல ஊத்திக்கிறதா இருந்தா கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு பிடரில ஊத்துங்க, நேரா ஊத்தினா ஷூக்குள்ள இறங்கி சாக்ஸ் ஊறி, கொஞ்ச தூரத்துலயே கால்ல கொப்புளம்.

ஏசி ஜிம்ல ட்ரெட்மில்ல ட்ரெய்னிங் முடிச்சுட்டு நேரா வெயில்ல வந்து நிக்கிறதும் வேண்டாம். உடம்பு சூட்டுக்குப் பழக 10-லருந்து 14 நாள் ஆகும். பழகினதுக்கப்புறம் வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதுல உப்பு கம்மியா போகும், ரத்தத்துல திரவமும் கூடியிருக்கும். இதுக்கு மாத்திரை கிடையாது. மாத்திரைன்னதும் ஞாபகம் வருது, வலி வரக்கூடாதுன்னு ஐபுப்ரோஃபென் போட்டுட்டு ஓடாதீங்க, ஏற்கனவே தண்ணி இல்லாம திணறுற கிட்னிக்கு அது இன்னும் சுமை. காய்ச்சலோ வயித்துப்போக்கோ வந்து ரெண்டு மூணு நாள் தான் ஆச்சுன்னா அந்த ரேஸை விட்டுடுங்க, காசு போனா போகட்டும்.

கடைசியா, ஹீட் ஸ்ட்ரோக் பத்தின தப்பான நம்பிக்கைங்க. "வேர்வை நின்னா தான் ஹீட் ஸ்ட்ரோக்"னு சொல்றது ஓடுறவங்க விஷயத்துல பொய், உடம்பு நனைஞ்சிருக்கும்போதே வரும். "10 கே தானே, ஒண்ணும் ஆகாது"ங்கறதும் சரியில்ல, சின்ன ரேஸ்ல வேகம் அதிகம், அதனால சூடு இன்னும் சீக்கிரம் ஏறும். பக்கத்துல ஓடுறவர் கோணல் மாணலா போறாரு, எத்தனாவது கிலோமீட்டர்னு கேட்டா உளறுறாரு, இல்ல காரணமே இல்லாம எரிஞ்சு விழறாருன்னா உடனே நிறுத்தி மெடிக்கல் டீமைக் கூப்பிடுங்க. உள் டெம்பரேச்சர் 40 டிகிரியைத் தாண்டி மூளை குழம்பினா ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், ஐஸ் தண்ணி டப்புல கழுத்து வரைக்கும் இறக்கி முதல்ல அங்கயே குளிர வைக்கணும், ஆஸ்பத்திரிக்கு அப்புறம் தான். டப் இல்லன்னா உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி, ஐஸ் டவலை மாத்தி மாத்திப் போட்டு, விசிறி விட்டுட்டே இருங்க. நினைவு சரியில்லாதவங்க வாய்ல தண்ணி ஊத்தாதீங்க. நெத்தில வைக்கிற தெர்மாமீட்டர் 38 தான் காட்டுதுன்னு நிம்மதியாகி விட்டுடாதீங்க, வேர்த்த தோல்ல அது கம்மியா காட்டும், ஆசனவாய் வழியா பாக்குற அளவு தான் நம்பகமானது.