தமிழ் டெக்ஸ்டை டூல்ல போட்டு திருத்தும்போது பண்ணக்கூடாத தப்புகள்

தமிழ்ல புக்கு போடுறவங்க, கதை எழுதுறவங்க, ஆபீஸ்ல சர்குலர் அடிக்கிறவங்கன்னு யாரா இருந்தாலும் இப்போ ஏதாவது ஒரு டூல்ல ஒருதடவை ஓட்டிட்டு தான் வெளில அனுப்புறாங்க. ஸ்பெல்லிங்குக்கு வாணி இருக்கு, சந்திக்கு நாவி இருக்கு, லாங்குவேஜ்டூல்லயும் தமிழ் இருக்கு, லிப்ரெ ஆபீஸ்ல ஹன்ஸ்பெல்ங்கற ஸ்பெல் செக் அகராதி சேத்துக்கலாம். டூலுக்கு பஞ்சமில்ல, ஆனா எதை முன்னாடி ஓட்டணும், எந்த பட்டனை தொடவே கூடாதுங்கறதுல தான் ஆளாளுக்கு சொதப்புறாங்க.

மொதல்ல பழைய ஃபான்ட் கதை. பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச ஃபைல்ல உங்க கண்ணுக்கு "தமிழ்"னு தெரியறது உள்ள வெறும் ஜே, கே, பி, ஓ, கடைசில ஒரு செமிகோலன், அவ்ளோதான். அதை யூனிகோடுக்கு, அதாவது இப்போ எல்லா கம்ப்யூட்டரும் போனும் பயன்படுத்தற எழுத்து முறைக்கு மாத்தற கன்வெர்ட்டருக்கு எது தமிழ் எது நெஜமான இங்கிலீஷ்னு தெரிய வழியே இல்ல. ஃபைல் மொத்தத்தையும் கண்ட்ரோல் ஏ போட்டு அள்ளி அதுல கொட்டினீங்கன்னா, நடுவுல சின்ன எழுத்துல 6 பிஎம்னு இங்கிலீஷ்ல டைம் போட்டிருந்தா கூட அது ஒத்தை கொக்கியும் பக்கத்துல ஒரு "அ"-வுமா வந்து நிக்கும், நெஜ செமிகோலன் எல்லாம் அந்தரத்துல தொங்குற புள்ளி ஆயிடும். வேர்டுல ஃபைண்ட் பாக்ஸ்ல ஃபார்மட்டுக்குள்ள போய் ஃபான்ட் பேரை குடுத்தா பாமினில இருக்கறது மட்டும் செலக்ட் ஆகும், அதை மட்டும் மாத்துங்க. வானவில்ங்கற இன்னொரு பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைலை பாமினின்னு நெனச்சு மாத்தறவங்களும் உண்டு, அதனால ஒரிஜினல் ஃபைல் மேலயே சேவ் பண்ணாதீங்க, தனியா ஒரு காப்பி இருக்கட்டும்.

யூனிகோட்ல தான அடிச்சிருக்கேன், எனக்கென்னன்னு சொல்றவங்களுக்கும் பிரச்சனை இருக்கு. "கொ"ங்கற எழுத்தை க-வோட ஒரே குறியா சேத்தும் வைக்கலாம், கொம்பு தனியா கால் தனியான்னும் வைக்கலாம், பாக்க ரெண்டும் ஒண்ணு தான். ஆனா நீங்க ஒண்ணை தேடினா சில எடிட்டர் இன்னொண்ணை காட்டாது, ஸ்பெல் செக்கரும் சரியான வார்த்தைக்கு சிவப்பு கோடு போடும். என்எஃப்சி நார்மலைசேஷன்னு ஒண்ணு இருக்கு, பைதான்ங்கற ப்ரோக்ராம் மொழில ஒரே வரி, அது ரெண்டையும் ஒண்ணாக்கிடும். ஆனா "ஔவையார்"ங்கறதுக்கு பதிலா ஒ போட்டு பக்கத்துல ள போட்டு "ஒளவையார்"னு அடிச்சிருந்தா நார்மலைசேஷன் அதை தொடாது, ஏன்னா கம்ப்யூட்டரை பொறுத்தவரைக்கும் அது வேற எழுத்து. ஸ்ரீயும் அப்படித்தான், 2005-ல யூனிகோட்ல ஶ சேந்ததுல இருந்து அதுக்கு ரெண்டு ஸ்பெல்லிங், ஸ வச்சு ஒண்ணு, ஶ வச்சு ஒண்ணு. இதெல்லாம் சரி பண்ணிட்டு அப்புறம் ஸ்பெல் செக் ஓட்டுங்க, தலைகீழா பண்ணா பொய்யான தப்பா காட்டி டூல் உங்க உயிரை எடுத்துடும்.

அடுத்தது தான் பெரிய வில்லன், ரீப்ளேஸ் ஆல். கதைல மணிங்கற கேரக்டரை மாணிக்கம்னு மாத்தணும்னு வைங்க, ஆசையா அந்த பட்டனை அமுக்கிட்டு பாத்தா "ராத்திரி 9 மாணிக்கம்க்கு பஸ்", "என் கண்மாணிக்கம்யே"ன்னு வந்து நிக்கும், "மணியோட" எல்லாம் "மாணிக்கம்யோட" ஆயிருக்கும். முழு வார்த்தை மட்டும்னு டிக் பண்ணா தப்பிக்கலாம்னு பாக்காதீங்க, தமிழ்ல வேற்றுமை ஒட்டிக்கிட்டே வர்றதால "மணியை", "மணிக்கு" எதுவும் சிக்காது, ஆனா "9 மணி" கரெக்டா சிக்கும்! ஒண்ணொண்ணா நெக்ஸ்ட் அமுக்கி தான் போகணும், வேற வழியில்ல.

கோட் எழுதி மாத்துறவங்க வேற மாதிரி மாட்டுவாங்க. டெக்ஸ்ட்ல பேட்டர்ன் தேடறதுக்கான பைதானோட ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல வார்த்தையை புடின்னு சொல்ற வழக்கமான குறி உயிர்மெய் குறியையும் புள்ளியையும் எழுத்தா எடுத்துக்காது, அதனால "தமிழ்"ங்கறது "தம", "ழ"ன்னு ரெண்டு துண்டாகும். நீளம் கேட்டா 5-னு சொல்லும், நமக்கு அது 3 எழுத்து. இதுக்குன்னே ஓப்பன்-தமிழ் லைப்ரரி இருக்கு, அதை விட்டுட்டு இங்கிலீஷுக்கு எழுதின கோடை அப்படியே தூக்கிட்டு வராதீங்க.

சிவப்பு கோடு இல்லன்னா தப்பே இல்லைன்னு நம்புறதும் தப்பு தான். "முயற்ச்சி"ன்னு அடிச்சா புடிச்சிடும், "கோழிக் கறி"யா "கோழிக் கரி"யான்னு அதுக்கு எப்படி தெரியும், கரியும் அகராதில இருக்கற வார்த்தை தானே. அதே மாதிரி கோடு போட்டதெல்லாம் தப்பும் இல்ல, "வரவேண்டியிருந்தவர்களுக்கும்" மாதிரி ரயில் வண்டி கணக்கா நீண்டுட்டே போற சொல்லெல்லாம் எந்த அகராதில இருக்கும். எரிச்சல்ல டக்குடக்குன்னு அகராதில சேர்னு அமுக்கிட்டே போறப்போ நெஜமான தப்பு ஒண்ணும் கூடவே உள்ள போயிடும், அப்புறம் அது ஜென்மத்துக்கும் சிக்காது. சந்தி டூல் சொல்றதை கண்ணை மூடிட்டு ஏத்துக்கிட்டாலும் வம்பு தான்: "வேலை கொடு"ன்னா ஜாப் கேக்குறான், "வேலைக் கொடு"ன்னா முருகன் கையில இருக்கற வேலை கேக்குறான்.

இப்போ ஏஐ கிட்ட மொத்த சாப்டரையும் போட்டு "பிழை திருத்து"ன்னு விடுற பழக்கம் வந்திருக்கு. பிழை மட்டும் திருத்துனா பரவால்ல, நெல்லைக்காரன் "என்னலே செய்யுத"ன்னு பேசினதை "நீ என்ன செய்கிறாய்"னு ஆக்கி வைக்கும், ரெண்டு வரிக்கு ஒரு "மற்றும்" சொருகும், ஊர் பேரு ஆள் பேருலயும் சத்தமில்லாம கை வெக்கும். திருத்தின டெக்ஸ்டை கேக்காதீங்க, தப்பு எங்கெங்க இருக்குன்னு லிஸ்ட் மட்டும் கேளுங்க, அதுவும் ரெண்டு மூணு பாராவா குடுத்து கேளுங்க. அப்படியும் திருத்தினதையே வாங்கிட்டீங்கன்னா வேர்டுல ரிவ்யூக்குள்ள கம்பேர்னு இருக்கு, பழசையும் புதுசையும் அதுல குடுத்தீங்கன்னா எங்கெங்க மாறியிருக்குன்னு கலர் போட்டு காட்டிடும், அதுல டயலாக் இருக்கற பக்கத்தை மொதல்ல பாருங்க.