பியானோ மென்பொருள்: ஹெட்போனில் இனிப்பது மேடையில் எங்கே போகிறது?

தங்கச்சிமடத்தில் சர்ச் திருவிழாவோ, ராமநாதபுரத்தில் கல்யாண ரிசப்ஷனோ, லேப்டாப்பில் பியானோ வைத்து வாசிக்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, யூடியூப் டெமோவை ஹெட்போனில் கேட்டுவிட்டு மென்பொருளை முடிவு செய்வதுதான். அதில் கேட்கும் பாதி அழகு ரிவெர்பும் (செயற்கை எதிரொலி) மிக்ஸிங்கும் கொடுத்தது.

பெரிய சிக்கல் மோனோ, அதாவது எல்லா பாக்ஸிலும் ஒரே ஒலி. மேடைக்கு இரு பக்கமும் பாக்ஸ் கட்டியிருந்தாலும் மைக் செட்காரர் பெரும்பாலும் மோனோவில்தான் ஓட்டுவார். அதில் தப்பில்லை, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் எல்லாம் கேட்க வேண்டுமே. ஆனால் சாம்பிள் பியானோ என்பது நிஜப் பியானோவின் சுரங்களைப் பதிவு செய்து வைத்தது. அதைப் பல மைக் வைத்து அகலமான ஸ்டீரியோவில் (இடது, வலது தனித்தனி சேனலாக) பதிவு செய்திருப்பார்கள். ஒரே சுரம் ஒவ்வொரு மைக்குக்கும் சற்று முன்பின்னாகப் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்தால் சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி மெலிந்துவிடும். டிரம்ஸ் சேர்ந்ததும் பியானோ இருக்கிறதா என்றே தெரியாது. வாங்கும் முன் மோனோவில், ஒரே ஸ்பீக்கரில் கேளுங்கள். எந்த மைக்கின் பதிவு வேண்டும் என்று தேர்வு செய்யும் வசதி மென்பொருளில் இருந்தால் மேடைக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்துவிடலாம். லேப்டாப்புக்கும் சுமை குறையும்.

அளவு பெரிதானால் தரமும் பெரிது என்று நினைப்பது அடுத்த தவறு. கீஸ்கேப் என்ற சாம்பிள் மென்பொருள் 77 ஜிபி. பியானோடெக் என்ற மென்பொருள் சுமார் 50 எம்பிதான், ஏனென்றால் அதில் சாம்பிள் கிடையாது. சுத்தியல், கம்பி, பலகை எல்லாவற்றையும் கணக்குப் போட்டே ஒலியை உருவாக்குகிறது. டிஸ்க்குக்கு வேலை குறைவு, பிராசசருக்கு அதிகம். ஸ்டூடியோவில் தனிப் பியானோ பதிவு என்றால் நான் சாம்பிளைத்தான் எடுப்பேன். மேடைக்கு பியானோடெக் போதும். காசு கொடுக்கும் முன் சாலமாண்டர் என்ற சாம்பிள் பியானோவைப் போட்டுப் பாருங்கள்: யமஹா சி5 பியானோ, 16 வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் வேகம்) அடுக்குகள், இலவசம்.

கட்டையை அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான தாமதத்தைப் பலரும் மென்பொருளின் குறை என்று நினைக்கிறார்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 1024 என்றால் அதுவே 23 மில்லிசெகண்ட். 256 என்றால் சுமார் 6. வாசிக்கும்போது குறைத்து, மிக்ஸிங்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஏசியோ (தாமதத்தைக் குறைக்கும்) டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை வெளியே அனுப்பும் தனிப் பெட்டி) வேண்டும்.

சரி, கீபோர்டு? டெமோவில் வாசித்தவரிடம் கனமான 88 கட்டைகள் இருந்திருக்கும். உங்களுடையது லேசான 61 என்றால் தொட்டதெல்லாம் உச்சத்துக்குப் போய் ஒலி கரகரக்கும். வெலாசிட்டி கர்வை (எவ்வளவு வேகமாக அழுத்தினால் எவ்வளவு சத்தம் என்ற அமைப்பு) உங்கள் கைக்கு ஏற்ப மாற்ற முடியாத மென்பொருளை வாங்கவே வேண்டாம். அப்புறம், பாடகரின் சுருதிக்கு டிரான்ஸ்போஸ் செய்வதை ஒரே இடத்தில் செய்யுங்கள். கீபோர்டிலும் மென்பொருளிலும் இரண்டு முறை மாற்றினால் முதல் பாட்டிலேயே மானம் போகும்.

திருவிழாக் கூட்டத்தில் செல்போன் சிக்னல் படுத்துவிடும். லைசென்ஸ் சரிபார்க்க இன்டர்நெட் கேட்கிற மென்பொருளா என்று வீட்டிலேயே வைஃபையை அணைத்துப் பார்த்துவிடுங்கள். லேப்டாப் நின்றுபோனால் உதவ, கீபோர்டின் சொந்தப் பியானோ ஒலிக்கும் மிக்ஸரில் தனி லைன் கொடுத்து வையுங்கள்.